முதனையிலிருந்து திரையைப் பார்த்தால்

2021 நவம்பர் 2ஆம் தேதி ‘ஜெய் பீம்’ வெளியானது. அமேசான் பிரைமில் வந்த படம் என்பதால் எங்கள் ஊரில் கட்அவுட் கிடையாது, பட்டாசு கிடையாது. விருத்தாசலத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் ஒரே செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்: “இது கத இல்ல தம்பி, நம்ம முதனக்காரன் கேசு.”

முதனை எங்களை அடுத்த கிராமம். படத்தை நாடு முழுவதும் பார்த்தார்கள். எங்களுக்கு மட்டும் அது தெரிந்த பேருந்துத் தடத்தில், தெரிந்த காவல் நிலையத்தில் நடந்த கதை. அன்று தொடங்கிய பேச்சு எங்கள் நண்பர் வட்டத்தில் இன்னும் ஓயவில்லை. செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், நெய்வேலிக்குத் தினமும் போய்வருபவர் ஒருவர், நான். ஆசிரியர் உலக சினிமா பார்க்கிறவர். “நல்ல படம்தான், ஆனா கலைப்படம் இல்லை” என்றார். நெய்வேலிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒருத்தன் செத்ததச் சொல்றப்ப கலை என்னாண்ணே கலை?” என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிடித்த கலைப்படம் எது, பிடித்த வாழ்க்கை வரலாற்றுப் படம் எது என்று கேட்டால் சினிமா ரசிகர்கள் இரண்டு தனிப் பட்டியல் போடுகிறார்கள். முதல் பட்டியலில் மெதுவாக நகரும் படங்கள், இரண்டாவதில் பெரிய மனிதர்கள். இந்தப் பிரிப்பு எங்கிருந்து வந்தது, தமிழில் அது என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் முதனை. குறவர் சமூகத்துக் கூலித் தொழிலாளி ராஜாக்கண்ணு, 1993 மார்ச்சில் ஒரு நகைத் திருட்டு தொடர்பாகக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே அடித்ததில் இறந்துபோனார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் சொன்னார்கள். அவர் மனைவி உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களின் துணையோடு சென்னை போனார். வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். கொலை வழக்கு நீண்டு, காவலர்களின் ஆயுள் தண்டனையில் வந்து முடிந்த ஆண்டு 2006. அதே ஆண்டில்தான் சந்துரு உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

த.செ. ஞானவேல் இந்த வழக்கைப் படமாக்கியபோது சிலவற்றை மாற்றினார். குறவர் என்பது இருளர் ஆயிற்று. ஆண்டு 1995 ஆயிற்று. கதையின் நடுவில் வழக்கறிஞர் வந்து நின்றார். ராஜாக்கண்ணு, சந்துரு ஆகிய பெயர்கள் அப்படியே இருந்தன. வேறு பெயர்கள் மாறின. காவல் அதிகாரியின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டி ஒரு சாதியைச் சுட்டுகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அந்தக் காட்சி மாற்றப்பட்டது. எங்கள் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன், ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ தொகுத்தவர். இந்தப் படத்தின் வசனங்களை நடுநாட்டு வழக்குக்கு மாற்றித் தந்தவரும் அவரே. படம் வந்த பிறகு, அந்தச் சித்திரிப்பில் வருந்தி, தான் வாங்கிய 50,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அவருடைய வருத்தத்தை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இங்கே உண்டு. நான் இதில் காண்பது ஒன்று: கற்பனைக் கதை எடுப்பவர் படம் முடிந்ததும் ஊரை விட்டுப் போய்விடலாம். நடந்த கதையை எடுத்தவர் செத்தவனின் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும், எதிர்வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். படம் பேசப்பட்ட பிறகுதான் ராஜாக்கண்ணுவின் மனைவி எங்கே, எப்படி வாழ்கிறார் என்பதே பலருக்குத் தெரிந்தது. அவர் பெயரில் 10 லட்சம் ரூபாயை வைப்பு நிதியாகப் போடுவதாகப் படத்தின் நாயகன் சூர்யா அறிவித்தார். ஒரு படம் இதைச் செய்ய முடிந்தது என்பதைச் சிறியதாக நான் நினைக்கவில்லை.

‘ஜெய் பீம்’ நீதிமன்றக் காட்சிகளில் ஒரு பழைய வழக்கு வரும். ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை விசாரிக்க முடியுமா என்ற கேள்விக்குச் சந்துரு கேரளத்தின் ராஜன் வழக்கை எடுத்துக் காட்டுவார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1ஆம் தேதி, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பவே இல்லை. தந்தை ஈச்சர வாரியர் மகனைத் தேடி அலைந்து, நெருக்கடிநிலை விலகியதும் நீதிமன்றம் போனார். அந்த வழக்கினால் 1977இல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது.

இந்த வழக்கின் நினைவிலிருந்து பிறந்த படம்தான் ஷாஜி என். கருணின் ‘பிறவி’ (1988). அதில் லாக்கப் இல்லை. அடி இல்லை. வழக்கறிஞரும் இல்லை. கிழவர் ராகவ சாக்கியார் தன் மகன் இன்று வருவான் என்று தினமும் படகுத் துறை தாண்டிப் பேருந்து நிற்கும் இடத்துக்குப் போகிறார். மழை பெய்கிறது. கடைசிப் பேருந்து வந்து போகிறது. மறுநாளும் போகிறார். கண் மங்கிய தாய் வீட்டில் இருக்கிறாள். மகள் நகரத்துக்குப் போய் உண்மையைத் தெரிந்துகொண்டு வந்து, சொல்ல முடியாமல் நிற்கிறாள். கிழவராக நடித்த பிரேம்ஜிக்குத் தேசிய விருது கிடைத்தது. 1989இல் கான் விழாவில் முதல் படங்களுக்கான கேமரா தோர் பிரிவில் சிறப்புக் குறிப்பும் வந்தது.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தபோது எனக்குக் கிடைத்த தெளிவு இது. ‘ஜெய் பீம்’ நமக்கு நிகழ்ச்சிகளைக் கொடுக்கிறது. கைது, அடி, பொய், குறுக்கு விசாரணை, தீர்ப்பு. ‘பிறவி’ காலத்தைக் கொடுக்கிறது. ஒருவன் காணாமல் போனான் என்றால் அது ஒரு நாள் செய்தி. அவன் வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஆயிரம் மாலை நேரங்கள். முதல் படம் முடியும்போது கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இரண்டாவது முடிந்த பிறகு பேருந்துக்குக் காத்திருக்கும் எந்தக் கிழவரைப் பார்த்தாலும் என்னவோ செய்கிறது. கலைப்படம் என்று நாம் சொல்வதன் உள்ளே இருக்கும் சரக்கு இதுதான் என்று நினைக்கிறேன். மெதுவாக நகர்வது அதன் வெளி அடையாளம் மட்டுமே.

இந்த அளவுகோலோடு தமிழின் வாழ்க்கை வரலாற்றுப் படங்களுக்கு வருவோம். நம்மிடம் அவை தலைவர்களின் படங்களாகவே தொடங்கின. பி.ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) சிவாஜிக்குக் கெய்ரோவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்தது. அது மேடை நாடகத்தின் பிள்ளை. குரலால் நின்ற படம். அதே பந்துலு ம.பொ.சி.யின் நூலை வைத்து எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) எனக்கு இன்னும் நெருக்கமானது. அதில் வ.உ.சி.யாக வந்த சிவாஜி பல இடங்களில் தோற்றவராக நடித்தார். கப்பல் கம்பெனி போயிற்று, செக்கிழுத்தார், வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை. அந்த வெறுமையைக் காட்டத் துணிந்த படம் வெளிவந்த காலத்தில் ஓடவில்லை. தோற்ற மனிதனின் கதையைப் பார்க்க ஆள் வரவில்லை என்பதைப் பின்னால் வந்த தயாரிப்பாளர்கள் மறக்கவே இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஞான ராஜசேகரன் ‘பாரதி’யை (2000) எடுத்தபோது அந்தத் தோல்வியிலிருந்தே தொடங்கினார். படம் கவிஞரின் இறுதி ஊர்வலத்தில் ஆரம்பிக்கிறது. பின்னால் நடந்து வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மராத்தி நடிகர் சாயாஜி ஷிண்டேயைப் பாரதியாக்கியது அன்று விவாதமானது. என்னைக் கேட்டால் அதுதான் படத்தைக் காப்பாற்றியது. நமக்குத் தெரிந்த நட்சத்திரம் ஒருவர் மீசை வைத்து வந்திருந்தால் நட்சத்திரத்தைத்தான் பார்த்திருப்போம். ஞான ராஜசேகரனின் ‘பெரியார்’ (2007), ‘ராமானுஜன்’ (2014) இரண்டும் உழைப்புள்ள படங்கள். ஆனால் அவற்றில் ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகின்றன. அ. பாலகிருஷ்ணனின் ‘காமராஜ்’ (2004) படத்துக்கும் இதே நிலைதான்.

இங்கே எங்கள் ஊர்த் தொழிலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செராமிக் பட்டறையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் மண்கூழை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சும். மண் அச்சின் சுவரோடு படிந்து இறுகும். மீதிக் கூழைக் கவிழ்த்து எடுத்துவிடுவார்கள். பொம்மையானாலும் அகல் விளக்கானாலும் ஒன்றைப் போலவே நூறு வரும். உள்ளே வெறுமையாக இருக்கும். தலைவர் படங்களில் பெரும்பாலானவை இப்படி வார்க்கப்பட்டவை. பிறப்பு, ஒரு அவமானம், ஒரு சபதம், சிறை, மாலை. அதே அச்சில் யாரை ஊற்றினாலும் வெளியே வருவது சிலைதான்.

மணிரத்னத்தின் ‘இருவர்’ (1997) இந்த அச்சை உடைத்தது. இது யாருடைய வரலாறும் இல்லை என்று சொல்லிக்கொண்டே தமிழ்நாட்டின் இரண்டு பெரிய வாழ்க்கைகளை அது பேசியது. பெயர்களை மாற்றியதால் கிடைத்த சுதந்திரத்தில் நட்பு, பொறாமை, அதிகாரத்தின் தனிமை எல்லாவற்றையும் காட்ட முடிந்தது. பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. திரையரங்குகளில் படம் தோற்றது. இன்று அதைப் பலமுறை பார்த்தவர்கள் எங்கள் சிறிய வட்டத்திலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு படத்தின் வரலாறு வேறு மாதிரியானது. ஜப்பார் படேல் இயக்கி, மம்மூட்டி அம்பேத்கராக நடித்து, 1998ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருதைப் பெற்ற ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ தமிழில் திரைக்கு வந்தது 2010 டிசம்பரில். அதற்கும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. யாருடைய வாழ்க்கை திரைக்கு எளிதில் வருகிறது, யாருடையது காக்க வைக்கப்படுகிறது என்பதை இந்த ஒரு தாமதத்திலேயே படிக்கலாம்.

கலைப்படத்தின் பக்கம் வந்தால் எங்கள் பழைய தென்னார்க்காடு மாவட்டம் பெருமைப்பட இடமிருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர் புதுமைப்பித்தன். அவருடைய ‘சிற்றன்னை’யைப் படித்த உந்துதலில் மகேந்திரன் ‘உதிரிப்பூக்கள்’ (1979) எடுத்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர் ஜெயகாந்தன். தன் நாவலைத் தானே ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) என்று படமாக்கினார். பாட்டு இல்லாமல், சேரிச் சிறுவன் ஒருவனின் வீட்டுக்குள் நின்று எடுத்த படம். குடியரசுத் தலைவரின் நற்சான்றிதழ் கிடைத்தது, ஆனால் திரையரங்குகள் கிடைக்கவில்லை. பத்திரக்கோட்டைக்காரரான தங்கர் பச்சான் தன் ‘கல்வெட்டு’ சிறுகதையை ‘அழகி’ (2002) ஆக்கினார். தன் நாவலை ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ (2007) ஆக்கி, முந்திரிக் காட்டையும் பலா மரத்தையும் எங்கள் பேச்சையும் திரைக்குக் கொண்டுபோனார். விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம், இந்தப் பக்கத்துக் கதைகளுக்குத் திரையில் இன்னும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று தோன்றும்.

இந்தப் படங்களைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. நம் கலைப்படங்கள்தான் நம்முடைய உண்மையான வாழ்க்கை வரலாறுகள். பெயர்தான் வெளியே தெரியாது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி வீடு கட்டும் கதை. ஆனால் மட்டக்களப்பில் தான் சிறுவனாக இருந்தபோது, வீடு கட்டத் தொடங்கிய பிறகு தன் தாயின் முகம் எப்படி மாறிப்போனது என்ற நினைவிலிருந்து அது வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அது ஒரு தாயின் வாழ்க்கை வரலாறு. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே தாய்வீடு வந்த தன் அக்காவின் நடைதான் அதற்கு வித்து. படத்தில் அவர் அந்த நடையைக் குடிகாரத் தகப்பனுக்கும் சிறுவனுக்கும் மாற்றிக் கொடுத்தார். பள்ளிச் சீருடைச் சிறுவன் வாயில் போட்டுக்கொண்ட கூழாங்கல் ஒன்றில் ஒரு குடும்பத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது. வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வந்தது. அது வெனிஸ் விழாவுக்குப் போனது, தேசிய விருதுகளும் பெற்றது. அதைக் கலைப்படம் என்பதா, வாழ்க்கைப் படம் என்பதா? எங்கள் ஆசிரியர் நண்பர் இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்திய அளவில் சிறந்த திரைப்படத்துக்கான தங்கத் தாமரை தமிழுக்கு முதலில் கே.எஸ். சேதுமாதவனின் ‘மறுபக்கம்’ மூலம் 1990ஆம் ஆண்டுக்காக வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சிவெயில்’தான் அதன் மூலம். அடுத்தது 2007க்கு, பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’. மூன்றாவது 2020க்கு, கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிய ‘சூரரைப் போற்று’. அறைக்குள் முணுமுணுக்கும் ‘மறுபக்க’த்திலிருந்து ஒரு வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கு அந்த விருது நகர்ந்ததைச் சினிமா ரசிகர்கள் கவனிக்க வேண்டும். சுதா கொங்கராவின் படம் விறுவிறுப்பானது, நடிப்பு அருமையானது. ஆனால் அதில் நாயகன் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. ஒரு மனிதனை நான் அறிந்துகொள்வது பெரும்பாலும் அவன் சும்மா இருக்கும்போதுதான்.

உலகத்தில் இந்த இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்கிக் காட்டிய படங்கள் இருக்கின்றன. டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ (1928) அவளுடைய விசாரணைப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட முகங்களை மட்டுமே காட்டி எடுத்தது. நம் மணி கௌல் குயவர்களையும் சுடுமண் உருவங்களையும் பற்றி ‘மாட்டி மானஸ்’ எடுத்தார். பின்பு தும்ரி பாடகி சித்தேஸ்வரி தேவியின் வாழ்க்கையை ‘சித்தேஸ்வரி’ (1989) ஆக்கினார். பிறந்தார், பாடினார், புகழ்பெற்றார் என்ற வரிசையே அதில் இல்லை. காசியின் ஆறும் படிக்கட்டும் குரலும் சேர்ந்து ஒரு வாழ்க்கையாகின்றன.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டும் படம் தார்க்கோவ்ஸ்கியின் ‘அந்திரேய் ருப்ளேவ்’ (1966). 15ஆம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியரின் வரலாறு அது. ஆனால் அவர் வரைவதைப் படம் காட்டுவதே இல்லை. அவர் பார்த்தவற்றைக் காட்டுகிறது. கடைசிப் பகுதியில் ஒரு மணி வார்க்க வேண்டும். வார்ப்பவர்கள் கொள்ளைநோயில் செத்துவிட்டார்கள். இறந்துபோன வார்ப்பாளியின் மகன், விடலைப் பையன், தகப்பன் தொழில் ரகசியத்தைத் தன்னிடம் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்லி வேலையை ஏற்கிறான். அச்சுக்கு ஏற்ற களிமண் கிடைக்கவில்லை. பெரியவர்கள் எந்த மண்ணைக் காட்டினாலும் வேண்டாம் என்கிறான். மழையில் ஒரு சரிவில் வழுக்கி விழுந்து, கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்து, கிடைத்துவிட்டது என்று கத்துகிறான்.

செராமிக்கில் வேலை பார்த்த எங்கள் நண்பர் அதுவரை கால் மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தார். அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “கையால தொட்டாத்தான் தெரியும் அது. ஈரம் ஒரு சொட்டு நின்னாலும் சூளையில வெடிச்சிரும்” என்றார். அதன் பிறகு படம் முடியும்வரை பேசவில்லை. மணி ஒலிக்கிறது. பையன் சேற்றில் விழுந்து, அப்பன் எனக்கு எதையும் சொல்லவே இல்லை என்று அழுகிறான். பல ஆண்டுகளாகப் பேசா நோன்பிலிருந்த ருப்ளேவ் அவனை மடியில் கிடத்திக்கொண்டு வாய் திறக்கிறார். ஒரு ஓவியரின் வரலாற்றில் உச்சக் காட்சி இன்னொருவனின் கைவேலை. பிறர் வாழ்க்கைக்கு இப்படி இடம் விடும் வரலாற்றுப் படம் தமிழில் இன்னும் வரவில்லை.

இனி, படம் பார்க்கும் இடத்தைப் பற்றி. சத்யஜித் ராயும் நண்பர்களும் 1947இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அங்கே பார்த்துப் பேசிய பேச்சுதான் ‘பதேர் பாஞ்சாலி’க்கு உரம். கேரளத்தில் ஜான் ஆப்ரகாமும் நண்பர்களும் ‘ஒடேசா’ என்ற குழுவாகச் சேர்ந்து, ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் பணம் திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார்கள். அதே ஜான் தமிழில் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) தேசிய விருது பெற்றும் இங்கே திரையரங்கு காணவில்லை. தூர்தர்ஷனில் ஒளிபரப்ப இருந்ததும் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டின் சிறிய ஊர்களில் இந்த வேலையை ஓரளவு செய்தவர்கள் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தினரும், திருநாவுக்கரசின் ‘நிழல்’ போன்ற சிற்றிதழ்களும். ஒரு திருமண மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, முப்பது பேர் பார்த்து, நள்ளிரவு வரை சண்டை போட்ட நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. இன்று எல்லாப் படமும் சட்டைப்பையில் இருக்கிறது. சண்டை போடத்தான் ஆளில்லை. படங்களே நிலைக்குமா என்பதும் உறுதியில்லை. ‘வீடு’ படத்தின் நெகடிவ்கூட இல்லாமல் போய்விட்டதை 2014இல் மறையும் முன் பாலு மகேந்திரா வேதனையோடு பேசினார்.

திரும்ப முதனைக்கே வருகிறேன். ‘ஜெய் பீம்’ இரண்டே முக்கால் மணி நேரத்தில் தீர்ப்புக்கு வந்துவிடுகிறது. உண்மையில் 1993க்கும் 2006க்கும் நடுவே 13 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ராஜாக்கண்ணுவின் மனைவி கடலூருக்கும் சென்னைக்கும் எத்தனை முறை போயிருப்பார், வாய்தா என்று சொல்லித் திருப்பி அனுப்பிய நாட்களில் எந்தப் பேருந்தில் எந்த நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்திருப்பார், பிள்ளைகள் அதுவரை யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்குக் கட்டுகளில் இது இருக்காது. வழக்கறிஞர் வராத, நீதிமன்றத்தின் வெளி வராந்தாவும் கடைசிப் பேருந்தின் சன்னலோர இருக்கையும் மட்டும் உள்ள அந்தப் படத்தை எங்கள் பக்கத்துப் பிள்ளை யாராவது எடுத்தால், முதல் காட்சியை முதனையிலேயே திரை கட்டிப் போட நாங்கள் நான்கு பேரும் பேசி வைத்திருக்கிறோம். நாற்காலி, மின்சாரச் செலவு உட்பட.